முதலில் களம், பிறகு சக்கரம்

ரோபோ போட்டி அறிவிப்பு வந்த அன்றே அணியின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், பக்கவாட்டிலும் ஓடும் மெக்கானம் சக்கரத்தின் படத்தைப் போட்டுவிடுவார். போன வருஷம் ஜெயித்த அணி இதைத்தான் மாட்டியிருந்தது என்பார். மறுநாள் ஆர்டர் போய்விடும். விதிப்புத்தகத்தை முழுதாகப் படிக்கும் முன்பே ரோபோவின் அகலமும் எடையும் மோட்டார் எண்ணிக்கையும் பட்ஜெட்டில் பெரிய பங்கும் முடிவாகிவிட்டிருக்கும். அதன்பின் வரும் புரோகிராமும் பிடிக்கும் கையும் ஓட்டுநரின் பயிற்சியும் அந்த ஒரே ஆர்டருக்குக் கட்டுப்பட்டவை.

அந்த ஆர்டரைச் சில நாள் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஆரோவிலைச் சுற்றி இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், இரும்பை, வடக்கே மரக்காணம் வரையுள்ள ஊர்களிலிருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் காலாப்பட்டுக்கும் பொறியியல், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். உதவி பள்ளி, இசையம்பலம் பள்ளி போன்ற இடங்களில் ஸ்டெம்லேண்ட் என்ற கற்றல் மையம் மூலம் சின்ன வயதிலேயே புரோகிராமும் எலெக்ட்ரானிக்ஸும் தொட்டுப் பார்த்தவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் கல்லூரியில் ரோபோ அணிக்குள் நுழையும்போது முதலில் எடுக்கப்போகும் கனமான பொறியியல் முடிவு சக்கர அமைப்புதான். அதை எப்படி எடுத்தார்கள் என்பதையே பிற்பாடு வேலைக்கான நேர்முகத்திலும் கேட்பார்கள்.

விதிப்புத்தகத்தில் வினைச்சொற்களைத் தேடுங்கள்

ஏ.பி.யூ. ரோபோகானை எடுத்துக்கொள்வோம். அது 2002-இல் டோக்கியோவில் தொடங்கிய மாணவர் ரோபோ போட்டி. இந்தியா 2008, 2014, 2022 என மூன்று முறை நடத்தியிருக்கிறது. 2022-க்கு நாம் கொடுத்த கரு லகோரி, அதாவது நம் தெருக்களில் ஆடும் ஏழாங்கல். அடுக்கைப் பந்தால் கலைப்பது, கலைந்ததை மறுபடி அடுக்குவது. 2024-இல் வியட்நாம் வைத்த கரு அறுவடை நாள்: நாற்று நடுவது, விளைந்ததை எடுப்பது, பதரை ஒதுக்கி நல்ல மணியைக் குதிரில் சேர்ப்பது. 2025-இல் மங்கோலியா கூடைப்பந்து ஆடச் சொன்னது.

மூன்று கருக்களும் மூன்று விதமான நடமாட்டத்தைக் கேட்கின்றன. நாற்று நடும் ரோபோ ஒரு வரிசையின் ஓரமாகவே பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் நிற்க வேண்டும். அடுக்கைக் கட்டும் ரோபோ ஒரு சிறு இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். கூடைப்பந்து ரோபோ எதிராளியை ஏய்த்து ஓடவும், இடிபடும்போது அசையாமல் நிற்கவும் வேண்டும்.

ஆகவே விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ரோபோ எங்கே நகர்கிறது, எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அதைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரையுங்கள். ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரோபோவாக நடக்கட்டும். இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். ஒரு சுற்றில் எத்தனை முறை திரும்ப வேண்டியிருக்கிறது, எத்தனை முறை பக்கவாட்டில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஒரு கணக்கு. ஆட்டம் மூன்று நிமிடம், அதாவது 180 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வரிசையாகப் பத்து இடங்களில் பொருளை வைக்க வேண்டும். பக்கவாட்டில் நகரத் தெரியாத ரோபோ ஒவ்வோர் இடத்திலும் பின்வாங்கி, திரும்பி, மறுபடி முன்னே வந்து நிற்கக் கூடுதலாக ஒன்றரை விநாடி எடுத்தால் மொத்தம் 15 விநாடி போகும். ஆட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதே விளையாட்டில் சரிசெய்யும் இடம் இரண்டே இரண்டு என்றால் இழப்பு மூன்று விநாடிதான். அந்த மூன்று விநாடிக்காகச் சிக்கலான சக்கரம் வாங்கி இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டுவது வீண். இந்த எண்ணிக்கையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இது கையில் இல்லாமல் நடக்கும் சக்கர விவாதம் எல்லாம் ரசிகர் சண்டைதான்.

இடிக்கலாமா என்பதும் விதிப்புத்தகத்தில்தான் இருக்கிறது. ரோபோ வார், சுமோ போன்ற ஆட்டங்களில் தள்ளுவதுதான் ஆட்டமே. ரோபோகானில் பெரும்பாலான ஆண்டுகளில் எதிரணி ரோபோவை இடிப்பது குற்றம். இந்த ஒரு வரியே பாதித் தேர்வை முடித்துவிடும்.

சாதாரணச் சக்கரத்தின் கணக்கு

இருபக்கமும் சாதாரண ரப்பர் சக்கரம் வைத்து, இடது வலது வேக வித்தியாசத்தால் திரும்புவதை மாணவர்கள் டாங்க் டிரைவ் என்பார்கள். மலிவானது, உறுதியானது, பிடிப்பு அதிகம். ஆனால் நான்கு சக்கர டாங்க் திரும்ப மறுத்து நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பல அணிகள் பார்த்திருக்கும். பழி எப்போதும் மோட்டார் மேல் விழும். காரணம் பெரும்பாலும் வடிவத்தில் இருக்கிறது.

நின்ற இடத்தில் திரும்பும்போது நான்கு சக்கரமும் தரையில் பக்கவாட்டாகத் தேய்ந்தாக வேண்டும். திருப்பும் விசைக்கு நெம்புகோல், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலம். எதிர்க்கும் உராய்வுக்கு நெம்புகோல், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளம். உராய்வு எல்லாப் பக்கமும் ஒன்றென்று வைத்துத் தோராயமாகப் பார்த்தால், அகலம் நீளத்தைவிட அதிகமாக இருந்தால்தான் ரோபோ எளிதாகத் திரும்பும். 40 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட ரோபோவுக்கு பெரிய மோட்டார் போட்டாலும் சக்கரம் சுழலும், ரோபோ திரும்பத் திணறும். அதே சட்டத்தைக் குறுக்காகத் திருப்பி 60 அகலம், 40 நீளம் என்று மாட்டினால் திரும்பிவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் வழி இரண்டு. ஒன்று, நடுவில் இன்னொரு ஜோடி சேர்த்து ஆறு சக்கரமாக்கி, நடு ஜோடியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்த்தி மாட்டுவது. அப்போது எந்த நேரத்திலும் நடு ஜோடியும் ஏதாவது ஒரு ஓர ஜோடியும்தான் தரையில் படும், 60 செ.மீ. நீளம் 30 ஆகிவிடும். ரோபோ லேசாக முன்னும் பின்னும் ஆடும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, முன் ஜோடிக்கு ஆம்னி சக்கரம் போடுவது. ஆம்னியின் விளிம்பில் குறுக்காக உருளும் சிறு ரோலர்கள் இருப்பதால் அது பக்கவாட்டில் தடையின்றி நழுவும். ரோபோ பின் அச்சை மையமாக வைத்துச் சுழலும். ஆனால் யாராவது முன்பக்கத்தை ஓரத்திலிருந்து தள்ளினால் லேசாகச் சுழன்றுபோகும்.

முதல் வருட அணிக்கு என் பரிந்துரை, தயக்கமே இல்லாமல், இந்த டாங்க் வகைகளில் ஒன்றுதான். விளையாட்டு பக்கவாட்டு நகர்வைக் கட்டாயமாகக் கேட்டாலொழிய இதை விட்டு நகராதீர்கள்.

மெக்கானம்: நாற்பத்தைந்து பாகையின் விலை

மெக்கானம் சக்கரத்தை 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் சுவீடன் பொறியாளர் பெங்க்ட் இலோன். விளிம்பு முழுவதும் 45 பாகை சாய்ந்த ரோலர்கள். நான்கு சக்கரத்தையும் தனித்தனி மோட்டாரால் சுழற்றினால் முன், பின், பக்கவாட்டு, மூலைவாட்டு, சுழற்சி எல்லாம் கிடைக்கும். ரோபோகான் களத்தில் இதை அதிகம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே துல்லியமாக நிற்பது அதிகம், இடிப்பது குறைவு.

விலை எங்கே கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரோலர் தன் அச்சைச் சுற்றித் தானே உருண்டுவிடும்; ஆகவே அந்த அச்சின் திசையில் மட்டுமே தரையைப் பிடித்துத் தள்ள முடியும். அது 45 பாகை சாய்ந்திருப்பதால், தரை தாங்கக்கூடிய பிடிப்பில் 0.707 பங்குதான் முன்னோக்கிய தள்ளலாகக் கிடைக்கும். 25 கிலோ ரோபோவின் எடை விசை சுமார் 245 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.8 என்றால் ரப்பர் சக்கரம் 196 நியூட்டன் வரை தள்ளும். மெக்கானம் அதே தரையில், அதே ரப்பரில் 139 நியூட்டனில் வழுக்கத் தொடங்கும். சாதாரண ஓட்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் மோட்டார் அந்த எல்லைவரை போவதில்லை. சரிவில் ஏறும்போதும், எதிராளி குறுக்கே நிற்கும்போதும், வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போதும்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மெக்கானத்தில் நான்கு சக்கரமும் எப்போதும் சமமாகத் தரையில் படவேண்டும். சட்டம் ஒரு மில்லிமீட்டர் முறுக்கியிருந்தால், டீக்கடை பெஞ்ச் மூன்று காலில் நிற்பதுபோல ஒரு சக்கரம் பாரமின்றித் தொங்கும். டாங்க் ரோபோவில் இது பெரிதாகத் தெரியாது. மெக்கானத்திலோ நான்கு விசைகளின் பக்கவாட்டுப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால்தான் நேராக ஓடும். ஒன்று விடுபட்டால் ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். புரோகிராம் எழுதுகிறவர் இரவெல்லாம் பி.ஐ.டி. கட்டுப்பாட்டு எண்களை மாற்றிக்கொண்டிருப்பார், கோளாறு வெல்டிங்கில் இருக்கும். சமதளமான கிரானைட் பலகை மேல் ரோபோவை வைத்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே இறுக்கத்தில் பிடித்தால்தான் புரோகிராம் பக்கம் போக வேண்டும். முன் ஜோடியை ஒரு தனிச் சட்டத்தில் மாட்டி, அது நடுவில் ஒரு கீல் மேல் சற்றே இருபுறமும் சாயும்படி செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மாட்டும் திசையும் முக்கியம். மெக்கானம் இடம், வலம் என்று இரண்டு வகையாக வரும். மேலிருந்து பார்த்தால் நான்கு சக்கரத்தின் மேல் ரோலர்களும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறியைப் போடவேண்டும். மாற்றி மாட்டினால் முன்னும் பக்கவாட்டிலும் போகும். திரும்பச் சொன்னால் மட்டும் திணறும். அப்போதும் பழி புரோகிராமர் தலையில்தான் விழும்.

ரோலர்கள் நழுவுவதால், ஓட்டும் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் என்கோடரை நம்பி ரோபோ எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடக்கூடாது. மோட்டார் இல்லாமல் ஸ்பிரிங்கால் தரையோடு அழுத்தப்பட்ட சிறு ஆம்னி சக்கரங்களை இரண்டோ மூன்றோ தனியே வைத்து, அவற்றில் என்கோடர் மாட்டி, திசையை அறிய ஐ.எம்.யூ. உணரி சேர்ப்பதே சரியான வழி. இந்தச் செலவையும் இடத்தையும் மெக்கானத்தின் விலையோடு சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நான்கு மூலையிலும் ஆம்னி சக்கரத்தை 45 பாகை திருப்பி மாட்டினால் எக்ஸ் டிரைவ்: நேராகப் போகும்போது சக்கரத்தின் வேகத்தைவிட 1.41 மடங்கு வேகம், அதற்கு ஈடாகத் தள்ளும் விசையில் குறைவு. மூன்று ஆம்னியை 120 பாகை இடைவெளியில் மாட்டினால் மூன்றுமே எப்போதும் தரையில் படும். தாள் சோதனையே தேவையில்லை. சிறிய, எடை குறைந்த ரோபோவுக்கு அருமையான அமைப்பு. உயரமான ரோபோவுக்குக் கவிழும் ஆபத்து உண்டு. ஸ்வெர்வ் என்பது ஒவ்வொரு சக்கரமும் ஓடவும் தனியே திரும்பவும் செய்வது. ரப்பர் பிடிப்பும் எல்லாத் திசை ஓட்டமும் ஒருசேரக் கிடைக்கும். எட்டு மோட்டார், எட்டு கன்ட்ரோலர், நுணுக்கமான கியர் வேலை. இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே அணியாக இருப்பவர்கள், முந்தைய வருடத்து மாடல் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வைத்துப் பழகவேண்டிய ஒன்று இது.

ஒரே மனிதர், இரண்டு சக்கரத் தேர்வு

ராஃபேல்லோ டி'ஆண்ட்ரியா கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரோபோ கால்பந்து அணியை வழிநடத்தியவர். ரோபோகப் போட்டியின் சிறு ரோபோ பிரிவில் அந்த அணி 1999, 2000, 2002, 2003 என நான்கு முறை வென்றது. எல்லாத் திசையிலும் ஓடும் ஆம்னி சக்கர அமைப்பை அந்தக் களத்தில் நிலைநாட்டியவர்கள் அவர்கள். கால்பந்தில் பந்தைப் பார்த்தபடியே எந்தப் பக்கமும் ஓட வேண்டும். ஆம்னி சரியான விடை.

அதே டி'ஆண்ட்ரியா பிறகு கிவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கிடங்கில் சரக்கு அலமாரியின் அடியில் புகுந்து, அதைத் தூக்கிக்கொண்டு வரும் ரோபோ. 2012-இல் அமேசான் அந்த நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ரோபோவில் ஆம்னியும் இல்லை, மெக்கானமும் இல்லை. இரண்டு சாதாரண ஓட்டுச் சக்கரம், துணைக்குச் சிறு உருளைகள், அவ்வளவுதான். கிடங்கில் பாதைகள் கட்டம் கட்டமாக இருக்கும். மூலையில் நின்ற இடத்தில் திரும்பினால் போதும். ஆயிரக்கணக்கான ரோபோ வருடக்கணக்கில் பழுதின்றி ஓட வேண்டும். அங்கே பக்கவாட்டு ஓட்டம் ஆடம்பரம். தேயும் ஒவ்வொரு ரோலரும் செலவு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தொழிற்சாலைத் தரையில் உதிரிபாகம் சுமந்து செல்லும் தானியங்கி வண்டிகளில் பெரும்பாலானவை எளிமையான இரு சக்கர ஓட்ட அமைப்புதான். மிகக் குறுகிய இடத்தில் பெரிய பாரத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டிய சில இடங்களில் மெக்கானம் வரும். எந்த இடத்துக்கு எது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நிறுவனம் தேடுகிறது.

விழுப்புரத்துக்காரர் ஓட்டிய ஆறு சக்கரம்

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்து, அங்கேயே பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, பிறகு பொறியியல் பட்டம், திருச்சி என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று போனவர். அவர் தலைமையில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விண்கலத்திலிருந்து வெளியே வந்த பிரக்யான் ஊர்தி 26 கிலோ எடை; ஆறு சக்கரம்; வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்.

நம் ரோபோவைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவான வண்டி. ஆனால் அதன் தேர்வு நமக்குப் பாடப்புத்தகம். சக்கரங்கள் ராக்கர்-போகி என்ற கீல் சட்டத்தில் மாட்டப்பட்டவை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் மற்றவை தரையை விடாது. செவ்வாயில் ஓடும் அமெரிக்க ஊர்திகளில் மூலைச் சக்கரங்களைத் திருப்பத் தனி மோட்டார் உண்டு. பிரக்யானில் அது இல்லை. இருபக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தாலேயே திரும்பும், நம் டாங்க் டிரைவ் போல. எடை குறைவு, பழுதாகக்கூடிய பாகம் குறைவு, பயணமோ சுமார் நூறு மீட்டர்தான். அந்த வேலைக்கு அது போதும் என்று கணக்குப் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள்.

கணக்கோடு நிற்கவும் இல்லை. நிலவின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்த அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கிறது. சந்திரயான்-2 காலத்திலேயே அந்த மண்ணை டன் கணக்கில் கொண்டுபோய்ப் பரப்பி, அதன் மேல் சோதனை செய்தார்கள். உங்கள் அணிக்கு இதன் பொருள் எளிது. போட்டி நடக்கும் தரை எதுவோ அதில் ஓட்டிப் பாருங்கள். வண்ணம் அடித்த ப்ளைவுட் என்று விதிப்புத்தகம் சொன்னால் நான்கு ப்ளைவுட் ஷீட்டாவது வாங்கி, அதே வகைப் பெயின்ட் அடியுங்கள். கல்லூரி டைல்ஸ் தரையில் ஓட்டிப் பழகிவிட்டு வெளியூர்ப் போட்டியில் போய் நிற்காதீர்கள்.

உராய்வை அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் லக்கேஜ் தராசு போதும். சக்கரங்களைச் சுழலாமல் கட்டிவிட்டு, ரோபோவின் அடிச்சட்டத்தில் தராசை மாட்டித் தரைக்கு இணையாக இழுங்கள். 20 கிலோ ரோபோ நகரத் தொடங்கும்போது தராசு 14 கிலோ காட்டினால் உராய்வுக் குணகம் 0.7. தரையைத் துடைத்துவிட்டு ஒரு முறை, செம்மண் தூசியோடு ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்த அணியிடம் பேசினால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்கள் பேச்சில் "நினைக்கிறோம்" குறைந்திருக்கும்.

கடற்காற்றுக்கு ஒரு பத்தி

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று புதிதல்ல. போட்டிக்கு மூன்று மாதம் முன்பு செய்த ரோபோவில் சாதாரண இரும்பு அச்சு துருப்பிடித்திருக்கும், செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் துரு தெரியாது. ஆனால் உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேருமிடத்தில் அலுமினியம் அரிக்கும். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, நைலான் வாஷர் வையுங்கள். மெக்கானம், ஆம்னி ரோலர்கள்தான் முதலில் பலியாகும். ஒவ்வொரு ரோலருக்கும் ஓர் ஊசி அச்சு. துருவோ தூசியோ ஏறினால் ரோலர் இறுகும். இறுகிய ரோலர் உருளாமல் தேயும். ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ரோலரையும் விரலால் சுழற்றிப் பார்க்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். ரோபோவை மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதும் அவர் வேலையே.

இந்தத் தேர்வு உங்களுக்கு வேலை வாங்கித் தர வேண்டுமானால்

சான்றிதழும் கோப்பைப் படமும் எல்லோரிடமும் இருக்கும். நேர்முகம் எடுப்பவர் அதைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அவரைக் கவரும் கேள்வி வேறு: எதையெல்லாம் நிராகரித்தீர்கள், எந்த எண்ணை வைத்து?

அதற்கு இரண்டு பக்கத் தாள் போதும். மேலே விளையாட்டு கேட்கும் நடமாட்டம், சாக்பீஸ் களத்தில் எண்ணிய எண்ணிக்கையோடு. அடுத்து அளந்த உராய்வு. அடுத்து மோட்டார் கணக்கு. 100 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. போகும், விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு சுமார் 290 சுற்று. 25 கிலோ ரோபோவின் நான்கு ரப்பர் சக்கரங்களும் பிடிப்பின் எல்லைவரை தள்ள ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.5 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். 300 ஆர்.பி.எம். ஜான்சன் மோட்டாரை எடுத்தோம் என்று மட்டும் சொல்வதற்கும், இந்த இரண்டு எண்ணையும் சொல்லி, பாரம் ஏறினால் சுற்று குறையும் என்பதால் அடுத்த வேகத்து மோட்டாருக்குப் போனோம் என்று சொல்வதற்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும். தாளின் கடைசியில் போட்டிக்குப் பிறகு எழுதிய நான்கு வரி: எந்தக் கணிப்பு சரியாக வந்தது, எது வரவில்லை.

தாளில் தேதி இருக்கட்டும், யார் எதைச் செய்தார்கள் என்ற பெயரும் இருக்கட்டும். "நாங்கள் செய்தோம்" என்று மட்டும் பேசும் மாணவரிடம் நேர்முகம் எடுப்பவர் அடுத்துக் கேட்பது "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். தாள் சோதனையைச் செய்து சட்டத்தின் முறுக்கைக் கண்டுபிடித்தது நீங்கள் என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். சோதனைப் பிரிவு வேலைக்கு அது ஒன்றே பெரிய தகுதி. நம் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் குறைத்துச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு மனது வலிக்கிறது.

ஐ.டி.ஐ. படிப்பவர்களும் இதில் பின்தங்க வேண்டியதில்லை. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தியிருக்கிறது. அங்கே தொழிற்சாலை ரோபோ, சி.என்.சி. இயந்திரம் எல்லாம் உண்டு. ரோபோ அணிகளில் எப்போதும் பற்றாக்குறை ஓர் அச்சை அளவு பிசகாமல் கடைந்து தருபவருக்குத்தான். பொறியியல் மாணவர்களே, உங்கள் ஊர் ஐ.டி.ஐ. டர்னரை அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் அவர் பெயரும் வரட்டும்.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் நாட்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கு ஓட்டிப் பழகுவதற்கு என்று முதல் நாளே காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாட்களை விழுங்கும் சக்கர அமைப்பு எதுவானாலும், காகிதத்தில் எவ்வளவு வேகமாக இருந்தாலும், உங்கள் அணிக்கு அது தவறான தேர்வு. நாற்பது மணி நேரம் பழகிய ஓட்டுநரின் ஆறு சக்கர டாங்க், இரவு இரண்டு மணிக்கு ஓடத் தொடங்கிய ஸ்வெர்வை வென்றுவிடும்.

அடுத்த ரோபோ உப்பளத்தில்

போட்டி முடிந்த பிறகு அணிகள் கலைந்துவிடுகின்றன. கலையாதீர்கள். மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள் இருக்கின்றன. உப்பை வாரி, குவித்து, வரப்பு வழியாகத் தலைச்சுமையாகத் தூக்கி வரும் வேலையைக் கொளுத்தும் வெயிலில் ஆண்களும் பெண்களும் செய்கிறார்கள். அந்தச் சுமையைத் தாங்க ஒரு சிறு வண்டி வேண்டும். சக்கரத் தேர்வைக் கற்றுக்கொண்ட யாருக்கும் இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

மெக்கானம் அங்கே ஒரு மணி நேரம் தாங்காது. ரோலர் இடுக்கில் சேறும் உப்பும் ஏறிவிடும். டாங்க் திரும்பும்போது தேய்க்கும் தேய்ப்பு, மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தித் தரையைக் கிழித்துவிடும்; தரை கிழிந்தால் உப்பில் மண் கலக்கும், விலை போகாது. ஆகவே தேய்க்காமல் திரும்பும் அமைப்பு, அகலமான காற்றழுத்தம் குறைந்த டயர், உப்புநீர் புகாத மோட்டார் உறை, வரப்பின் அகலத்துக்குள் அடங்கும் உடல். இரு சக்கரத் தள்ளுவண்டியில் மோட்டார் சேர்த்தால் போதுமா, முன் சக்கரம் திரும்பும் மூன்று சக்கர வண்டி வேண்டுமா என்பதை வரப்பை அளந்தால்தான் சொல்ல முடியும்.

அளக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். தரையின் மென்மையையும் வரப்பின் அகலத்தையும் பார்க்க அதுவே சரியான நேரம். உப்பளத்தை ஒட்டியுள்ள கழுவேலி ஈரநிலம் பறவைகள் சரணாலயம், 2024-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே வண்டியை இறக்கக்கூடாது. முதலில் உப்பளக்காரரிடம் கேட்டு, வேலை செய்பவர்களோடு ஒரு நாள் முழுக்க இருந்து, ஒரு சுமை எத்தனை கிலோ, எத்தனை அடி தூரம், எத்தனை திருப்பம் என்று எழுதி வாருங்கள். லக்கேஜ் தராசையும் எடுத்துப் போங்கள்.